தொண்ணூறாவது இரவின் குளிர்

சியாச்சினில் காவல் நிற்கும் ஜவானுக்குத் துப்பாக்கிக்கு அடுத்தபடியாக உயிர்த்துணை அவர் படுத்துறங்கும் பைதான். அதைக் கதகதப்பாக வடிவமைப்பது வெறும் பஞ்சு திணிக்கும் வேலை இல்லை.

இரண்டு மணி நேரக் காவலை முடித்துவிட்டுக் கூடாரத்துக்குள் நுழைகிறார் ஒரு ஜவான். பூட்ஸைக் கழற்றி, அதன் உள்ளுறையைத் தனியே உருவி எடுக்கிறார். வெளியே விட்டால் காலைக்குள் அது கல்லாக உறைந்துவிடும். எனவே அந்த உள்ளுறை, தண்ணீர் பாட்டில், டார்ச்சின் பேட்டரி எல்லாமே அவரோடு சேர்ந்து ஸ்லீப்பிங் பேக் எனப்படும் உறங்கும் பைக்குள் போகின்றன. ஜிப்பை மூக்கு வரை இழுத்துக்கொள்கிறார். முதல் கால் மணி நேரம் பை ஐஸ் பெட்டியைப் போலத்தான் இருக்கும். பிறகு மெல்ல மெல்லச் சூடு ஏற வேண்டும். ஏறாவிட்டால் அன்றிரவு தூக்கம் கிடையாது. அப்படிப் பல இரவுகள் தொடர்ந்தால் கால்விரல்கள் மிஞ்சுமா என்பதும் நிச்சயமில்லை.

1984 ஏப்ரல் 13 அன்று ‘ஆபரேஷன் மேகதூத்’ மூலம் சியாச்சின் பனியாற்றின் உயரங்களை இந்திய ராணுவம் கைப்பற்றியது. அன்று முதல் 18,000 அடியிலிருந்து 21,000 அடிக்கும் மேல் வரையிலான காவல் நிலைகளில் வீரர்கள் ஆண்டு முழுவதும் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை மைனஸ் 50 டிகிரி செல்சியஸைத் தொடும். 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்த பிறகு துப்பாக்கிச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால் சாவு அடங்கவில்லை. 1984 முதல் 2015 இறுதி வரை அங்கு உயிரிழந்தவர்கள் 869 பேர் என்பது அரசு தந்த கணக்கு. குளிர், பனிச்சரிவு, உயரம் தரும் நோய்கள் ஆகியவையே இதில் பெரும் பங்கு வகித்தன. 2016 பிப்ரவரியில் சோனம் நிலையைப் பனிச்சரிவு மூடியபோது 19-வது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள் பலியானதைத் தமிழ்நாடு மறந்திருக்காது.

பனிச்சரிவை எந்தப் பையும் தடுக்காது. ஆனால் தினந்தோறும் சத்தமில்லாமல் உடலை அரிக்கும் குளிரைத் தடுக்க முடியும். அதற்கு நல்ல பை வேண்டும். அது அவர்களுக்குக் கிடைத்ததா? 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சங்கடமான பதிலைத் தந்தது. முகமூடி, ஜாக்கெட், உறங்கும் பை ஆகியவற்றில் பழைய ரகங்களே வாங்கப்பட்டன, அதனால் மேம்பட்ட பொருட்களின் பயன் வீரர்களுக்குக் கிட்டாமல் போனது என்று அது சுட்டிக்காட்டியது.

பழைய ரகத்துக்கும் புதிய ரகத்துக்கும் அப்படி என்ன வித்தியாசம்? ஒரு பையில் என்ன பெரிய விஞ்ஞானம் இருந்துவிடப் போகிறது? நிறையவே இருக்கிறது.

பை சூடு தருவதில்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். உறங்கும் பை தானாகச் சூடு எதையும் உண்டாக்குவதில்லை. அதனுள் இருக்கும் ஒரே அடுப்பு மனித உடல்தான். உறங்கும் மனிதனின் உடல் சுமார் 70 முதல் 75 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்று எரியும் அளவு. இதில் ஏறத்தாழ கால் பங்கு மூச்சுக் காற்றோடும் கண்ணுக்குத் தெரியாத வியர்வையோடும் போய்விடுகிறது. மிச்சமுள்ள 55 வாட் எவ்வளவு மெதுவாக வெளியேறுகிறது என்பதில்தான் பையின் சாமர்த்தியம் அடங்கியிருக்கிறது.

அதை மெதுவாக்குவது துணியோ பஞ்சோ இல்லை, அசையாத காற்று. மலிவாகக் கிடைக்கும் பொருட்களில் அசையாத காற்றைப் போல வெப்பத்தைத் தடுப்பவை மிகக் குறைவு. ஆனால் காற்று சும்மா இருக்காது. சூடான காற்று மேலே போகும், குளிர்ந்தது கீழே வரும். அதை லட்சக்கணக்கான சிறு அறைகளில் சிறைப்பிடித்து வைப்பதுதான் நிரப்புப் பொருளின் வேலை. கம்பளியும் பஞ்சும் தூவியும் செய்வது இதைத்தான்.

வெப்பத் தடுப்பை அளக்க 1941-ல் ‘க்ளோ’ என்ற அலகை அமெரிக்க ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்தினார்கள். சாதாரண அறை வெப்பநிலையில் கோட்டு சூட்டு அணிந்து வசதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடை தரும் தடுப்பு ஒரு க்ளோ. இப்போது ஒரு தோராயக் கணக்கு. தோலின் வெப்பநிலை 33 டிகிரி, வெளியே மைனஸ் 40 என்று வைத்துக்கொண்டால் இடையே உள்ள வித்தியாசம் 73 டிகிரி. 55 வாட்டை மட்டுமே வெளியே விட்டு இந்த வித்தியாசத்தைத் தாங்க ஏறத்தாழ 15 க்ளோ தேவை. நல்ல நிரப்புப் பொருள் ஓர் அங்குலத்துக்கு 4 க்ளோ தரும். அப்படியானால் உடலைச் சுற்றி எல்லாத் திசையிலும் கிட்டத்தட்ட 4 அங்குலக் கனத்துக்குக் காற்றைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

உள்ளே அணிந்திருக்கும் உடையும் கூடாரமும் இந்தச் சுமையில் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்ளும் என்பது உண்மை. ஆனாலும் 4 அங்குலப் பை என்பது மெத்தைக்குச் சமம். அதைச் சுருட்டி, முதுகில் கட்டி, மூச்சு வாங்கும் உயரத்தில் ஒருவர் நடக்க வேண்டும். சிரமம் இங்கேதான் தொடங்குகிறது.

தூவியா, இழையா?

எடைக்கு எடை பார்த்தால் தூவிக்கு இணையில்லை. வாத்து, பெருவாத்து ஆகியவற்றின் மார்பில், மேல் இறகுகளுக்கு அடியில் இருக்கும் பூப்போன்ற மென்மயிர்தான் தூவி. இதற்குத் தண்டு கிடையாது. ஒரு மையத்திலிருந்து எல்லாத் திசையிலும் இழைகள் விரியும். ஓர் அவுன்ஸ் தூவி, அதாவது 28 கிராம், எத்தனை கன அங்குல இடத்தை அடைக்கிறது என்பதே அதன் தரத்தின் அளவுகோல். 500-ஐ ஒட்டியது சாதாரணம். 800-க்கு மேல் உயர்ந்த ரகம். அழுத்தினால் கையளவு சுருங்கி, விட்டால் மறுபடி உப்பிக்கொள்ளும்.

அதன் பலவீனம் ஈரம். நனைந்த தூவி கோழிக்குஞ்சின் நனைந்த இறகைப் போலத் துவண்டு ஒட்டிக்கொள்ளும். உப்பல் போனால் காற்று போச்சு. காற்று போனால் கதகதப்பும் போச்சு. பாலியெஸ்டர் இழை அப்படியில்லை. தண்ணீரை உறிஞ்சாது, நனைந்தாலும் ஓரளவு உப்பலைக் காக்கும். ஆனால் அதே கதகதப்புக்கு எடை அதிகம், பருமனும் அதிகம். திரும்பத் திரும்ப அழுத்திச் சுருட்டினால் நாளடைவில் இழை தளர்ந்தும் போகும்.

இரண்டின் நல்ல குணங்களையும் ஒன்றாக்கும் முயற்சி ராணுவங்களிடமிருந்துதான் தொடங்கியது. தூவிக்கு மாற்று வேண்டும் என்று 1980-களில் அமெரிக்க ராணுவம் கேட்டதன் விளைவாக, ஆல்பனி இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் மிக நுண்ணிய பாலியெஸ்டர் இழைகளால் உருவாக்கியதே ‘ப்ரைமாலாஃப்ட்’. இன்று உலகெங்கும் மலையேறுபவர்கள் அணியும் ஜாக்கெட்டுகளில் அது இருக்கிறது.

நிரப்புப் பொருள் பாதிக் கதைதான். மீதிக் கதை தையலில் இருக்கிறது. மேல் துணியையும் உள் துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்தால் தையல் ஓடும் கோட்டில் கனமே இருக்காது. அந்தக் கோடு நெடுகக் குளிர் உள்ளே இறங்கும். எனவே கடுங்குளிருக்கான பைகளில் இரு துணிகளுக்கும் இடையே குறுக்குச் சுவர்கள் வைத்துச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கிறார்கள். தூவி ஒரு பக்கமாகச் சரியாது. எந்த இடமும் வெறுமையாக நிற்காது. உள் துணியை வெளித் துணியைவிடச் சிறிதாக வெட்டுவது இன்னொரு நுட்பம். முழங்கையும் முழங்காலும் உள்ளிருந்து முட்டினாலும் நிரப்பு நசுங்காது.

வடிவத்துக்கும் பங்குண்டு. உடலை ஒட்டிக் கால் பக்கம் குறுகும் பையில் உடல் சூடாக்க வேண்டிய வெற்றிடம் குறைவு. ஜிப்பின் பின்னால் ஓடும் திணித்த குழல், கழுத்தைச் சுற்றி அணைக்கும் பட்டை, தலையை மூடும் முக்காடு எல்லாமே சூடான காற்று நழுவும் வழிகளை அடைப்பவை. கழுத்துப் பட்டை இல்லாத பையில் ஒவ்வொரு முறை புரண்டு படுக்கும்போதும் உள்ளிருக்கும் சூடான காற்று வெளியே தள்ளப்படும். துருத்தி ஊதுவது போலத்தான்.

முதுகுக்குக் கீழே

எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையிலும் ஒரு பகுதி வேலை செய்யாது. அதுதான் முதுகின் கீழே இருக்கும் பகுதி. உடலின் எடை தூவியை நசுக்கிவிடுகிறது. நான்கு அங்குலம் அங்கே கால் அங்குலமாகிறது. கீழே இருப்பதோ பனிக்கட்டி. காற்றைவிடப் பல மடங்கு வேகமாக அது வெப்பத்தை உறிஞ்சும்.

அதனால் பையை மட்டும் வடிவமைப்பது அரைகுறை வேலை. அழுத்தினாலும் நசுங்காத, மூடிய குமிழ்கள் கொண்ட நுரைப் பாய் ஒன்று கூடவே வேண்டும். அனுபவமுள்ள மலையேறிகள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாய்களை விரிப்பது இதனால்தான். பை நல்லது, பாய் மட்டம் என்றால் அந்த இரவு குளிரத்தான் செய்யும்.

உள்ளேயிருந்து வரும் எதிரி

கடையில் பையை வாங்குபவர் கேட்கும் கேள்வி, ‘எத்தனை டிகிரி வரை தாங்கும்?’ என்பது. சியாச்சினுக்கு அந்தக் கேள்வி போதாது. ‘எத்தனை நாள் தாங்கும்?’ என்று கேட்க வேண்டும்.

காரணம், தூங்கும்போதும் தோலிலிருந்து நீராவி வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஓர் இரவில் அரை டம்ளருக்குக் குறையாது. சாதாரணக் குளிரில் அது பையைக் கடந்து வெளியே போய்விடும். மைனஸ் 30, 40-ல் பாதி வழியிலேயே உறைந்துவிடும். பையின் வெளிப்புற அடுக்கு பனியை விடக் குளிர்ந்திருப்பதால் நீராவி தூவிக்குள்ளேயே பனித்துகளாகப் படிகிறது. மறுநாள் வெயிலில் உலர்த்தினால் சரியாகும். பனிப்புயல் நாட்கணக்கில் வீசும் இடத்தில் வெயிலுக்கு எங்கே போவது? ஒவ்வொரு இரவும் கொஞ்சம் பனி சேரும். பை கனக்கும், தட்டையாகும், கதகதப்பு குறையும்.

இதற்குச் சரித்திரச் சான்றே இருக்கிறது. 1911-ல் ஸ்காட்டின் அன்டார்க்டிகா குழுவைச் சேர்ந்த மூவர், எம்பெரர் பெங்குவின் முட்டைகளைத் தேடி நடுக்குளிர்காலத்தில் ஐந்து வாரப் பயணம் போனார்கள். வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி வரை இறங்கியது. அவர்களில் ஒருவரான ஆப்ஸ்லி செர்ரி-கரார்டின் பை, திரும்பி வந்தபோது இரண்டு மடங்குக்கும் மேல் கனத்திருந்தது. கூடிய எடை அனைத்தும் அவர் உடலிலிருந்தே வெளியேறி உறைந்த ஈரம். இரவு படுக்கப் போகும்போது உறைந்த பையை உடல் சூட்டில் உருக்கி, அங்குலம் அங்குலமாக உள்ளே நுழைய வேண்டியிருந்தது.

அன்டார்க்டிகா பயணம் ஐந்து வாரம். சியாச்சினின் உயர்ந்த நிலைகளில் ஒரு ஜவானின் காவல் பொதுவாக மூன்று மாதங்கள் வரை நீள்கிறது. ஏறத்தாழ 90 இரவுகள். முதல் இரவில் பிரமாதமாக இருக்கும் பை, தொண்ணூறாவது இரவில் எப்படி இருக்கும் என்பதுதான் உண்மையான பரீட்சை.

இதற்குத் தீர்வுகள் இல்லாமலில்லை. ஒன்று, நீராவி புகாத மெல்லிய உள்ளுறை. உடல் அதற்குள் கொஞ்சம் பிசுபிசுக்கும். ஆனால் தூவி உலர்ந்தே இருக்கும். இரண்டாவது, பைக்குள் பை. உள்ளே தூவி, வெளியே பாலியெஸ்டர். நீராவி உறையும் இடம் வெளிப் பையில் விழும்படி கனத்தைக் கணக்கிட்டால், ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும் பொருள் ஈரத்தை ஏற்கும்; பொறுக்காத பொருள் தப்பிக்கும். அமெரிக்க ராணுவம் 1990-களில் கொண்டுவந்த மூன்று அடுக்குப் பையும் அடுக்குகளை நம்பியதுதான். மெல்லிய பை, கனத்த பை, நீர் புகாத மேலுறை ஆகியவற்றைத் தனித்தனியாகவோ ஒன்றாகவோ பயன்படுத்தலாம். மூன்றும் சேர்ந்தால், உரிய உடையோடு, சுமார் மைனஸ் 34 டிகிரி வரை சமாளிக்கும்.

சோதனைச்சாலை சொல்லாதது

பைகளின் மீது ஒட்டப்படும் டிகிரி எண்கள் எங்கிருந்து வருகின்றன? ஒரு காலத்தில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டப்படி ஓர் எண்ணைப் போட்டார்கள். 2002-ல் ஐரோப்பா ஒரு பொதுச் சோதனையை வகுத்தது. பின்னர் அது ஐ.எஸ்.ஓ. 23537 என்ற சர்வதேசத் தரநிர்ணயமானது. குளிர் அறையில் பாய் விரித்து, சூடேற்றும் கம்பிகள் பதித்த உலோக பொம்மையைப் பைக்குள் படுக்க வைக்கிறார்கள். தோலின் வெப்பநிலையைக் காப்பாற்ற பொம்மைக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று அளந்தால் பையின் தடுப்புத் திறன் தெரிந்துவிடும். அதிலிருந்து ‘வசதி’, ‘எல்லை’, ‘அபாயம்’ என்று மூன்று வெப்பநிலைகளைக் கணக்கிடுகிறார்கள். கடைசி எண் தூங்குவதற்கானது அல்ல, உயிர் பிழைப்பதற்கானது.

பயனுள்ள சோதனைதான். ஆனால் ராணுவப் பயன்பாட்டுக்கும் கடுங்குளிர்ப் பிரதேசப் பயணங்களுக்குமான பைகளுக்கு இது பொருந்தாது என்று அந்தத் தரநிர்ணயமே ஒதுங்கிக்கொண்டது. அதாவது, யாருடைய உயிர் பையை நம்பியிருக்கிறதோ அவர்களுக்குத்தான் இந்த எண் உதவாது.

காரணமும் புரிகிறது. பொம்மைக்கு வியர்க்காது, மூச்சு வாங்காது, பசி தெரியாது. 18,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். மூச்சு வேகமாகிறது, ஒவ்வொரு மூச்சிலும் வெப்பமும் ஈரமும் போகின்றன. பசி குறைகிறது, உடல் இளைக்கிறது, தூக்கம் அடிக்கடி கலைகிறது. மனித அடுப்பின் தீயே அங்கு தணிந்துதான் எரிகிறது. கடல் மட்டத்துச் சோதனைச்சாலையில் தேறிய பையை அப்படியே மலை உச்சிக்கு அனுப்புவது கணக்கில் பிழை செய்வதற்குச் சமம்.

எடையின் கணக்கும் வேறு. உயர்ந்த நிலைகளுக்கு எல்லாமே ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும். காற்று மெலிந்த அந்த உயரத்தில் சீட்டா ஹெலிகாப்டர் ஒரு நடைக்கு மிகச் சொற்பச் சுமையையே தூக்கும். பையில் கூடும் ஒவ்வொரு கிலோவும் மண்ணெண்ணெயிலோ உணவிலோ குறையும் ஒரு கிலோ.

கான்பூரிலிருந்து காரகோரம் வரை

இத்தனை நெருக்கடிகளுக்கும் விடை தேட வேண்டிய இடம் உள்நாட்டுச் சோதனைச்சாலை. நமது வீரர்கள் இருக்கும் உயரத்தில் வேறெந்த நாட்டு ராணுவமும் இவ்வளவு காலம், இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் இருந்ததில்லை. வெளிநாட்டு நிறுவனம் தன் சந்தைக்குத் தயாரித்த பை நமக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்க முடியாது. ஆனாலும் நெடுங்காலம் இறக்குமதியையே நம்பியிருந்தோம். சியாச்சின் வீரர்களுக்கான உடை, உறங்கும் பை, சாதனங்களுக்காக ஆண்டுக்குச் சுமார் 800 கோடி ரூபாய் செலவாவதாக 2018-ல் செய்திகள் வெளியாயின.

தணிக்கை அறிக்கை கைவைத்ததும் இந்த இடத்தில்தான். பாதுகாப்பு ஆய்வுக்கூடங்களின் ஆராய்ச்சிக் குறைவாலும் உள்நாட்டுத் தயாரிப்பில் ஏற்பட்ட தாமதத்தாலும் இறக்குமதிச் சார்பு தொடர்ந்தது என்று அது சொன்னது. பனிக் கண்ணாடிகளில் 62 முதல் 98 சதவீதம் வரை பற்றாக்குறை; 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை புதிய பூட்ஸ் இல்லாததால் ஏற்கனவே பயன்படுத்தியவற்றையே மறுபடி பயன்படுத்த வேண்டிய நிலை. இவையெல்லாம் பழைய கதை, நிலைமை சீராகிவிட்டது என்பது ராணுவத் தரப்பின் பதில்.

அந்த பதில் வந்த சில மாதங்களிலேயே சோதனையும் வந்தது. 2020 ஜூனில் கல்வான் மோதல் நடந்தது. அந்தக் குளிர்காலத்தில் கிழக்கு லடாக்கில் சுமார் 50,000 வீரர்கள் முன்னணியில் நின்றார்கள். சியாச்சினின் சிறு எண்ணிக்கைக்கு மட்டுமே தேவைப்பட்டதாக இருந்த கடுங்குளிர்ச் சாதனங்கள், திடீரென ஒரு பெரும் படைக்கே தேவைப்பட்டன.

வேகம் பிறந்தது அதன் பிறகுதான். பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பு (டி.ஆர்.டி.ஓ.) உருவாக்கிய மூன்றடுக்குக் கடுங்குளிர் உடையின் தொழில்நுட்பம் 2021 டிசம்பர் 27 அன்று ஐந்து இந்திய நிறுவனங்களுக்குக் கைமாறியது. 15 டிகிரியிலிருந்து மைனஸ் 50 டிகிரி வரை, அடுக்குகளைக் கூட்டியும் குறைத்தும் அணியலாம். 2025 ஜனவரியில் மைனஸ் 60 டிகிரி வரை தாங்கும் ‘ஹிம்கவச்’ என்ற பலஅடுக்கு உடை சோதனைகளில் தேறியதாக அறிவிக்கப்பட்டது. ஆவடி, கான்பூர், ஷாஜகான்பூர் ஆகிய ஊர்களின் ராணுவ ஆடை, சாதனத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்தன. தைக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை.

இவை பெரும்பாலும் உடைகள். உடை அணிந்தவர் நடப்பார், சுமப்பார், உடல் 300 வாட் வரைகூட வெப்பம் தரும். பையில் படுத்திருப்பவரிடம் அந்த வசதி இல்லை. உடைக்குக் கிடைத்த கவனம் பைக்கும் கிடைக்க வேண்டும்.

அறையையே சூடாக்கினால்?

பையோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் கூடாரத்தையே சூடாக்கலாமே என்ற கேள்வி எழும். பல காலமாக அதைச் செய்பவை ‘புகாரி’ எனப்படும் மண்ணெண்ணெய் அடுப்புகள். ஆனால் கரியும் புகையும் நுரையீரலுக்குள் போகும். காற்றோட்டம் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். இந்தக் குறைகளைக் குறைக்க டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய ‘ஹிம் தாபக்’ அடுப்பு 2021-ல் அறிமுகமானது. அதே ஆண்டு பிப்ரவரியில் லடாக்கின் சோனம் வாங்சுக், பகல் வெயிலைச் சேமித்து இரவில் சூடு தரும் ராணுவக் கூடாரம் ஒன்றைக் காட்டினார். இரவு 10 மணிக்கு வெளியே மைனஸ் 14, உள்ளே 15 டிகிரி என்று அவர் தெரிவித்தார்.

நல்ல முயற்சிகள். ஆனால் எண்ணெய் தீரலாம், வெயில் வராமல் போகலாம், ரோந்து போனவர்கள் பனிப்புயலில் வழியிலேயே இரவைக் கழிக்க நேரலாம். அப்போது பை ஒன்றுதான் துணை.

நல்ல இந்தியப் பை ஒன்று உருவானால் அது ராணுவத்தோடு நிற்காது. கணவாய்களில் பனியை வெட்டிச் சாலை போடும் கூலித் தொழிலாளிகளும் குளிரில்தான் தூங்குகிறார்கள். இறக்குமதிப் பையின் விலை அவர்களுக்குக் கனவு. ராணுவத்துக்காகப் பிறந்த இழை அமெரிக்கக் கடைத்தெருவுக்கு வந்தது போல, கான்பூரில் தைத்த பை லே சந்தைக்கும் வரலாம்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை எளிமையானது. குளிர் அறையில் பொம்மையைப் படுக்க வைப்பதோடு நிறுத்தாமல், மூன்று மாதம் உச்சியில் இருந்து இறங்கி வரும் பையை எடைபோட வேண்டும். உள்ளே எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது, தூவி எவ்வளவு தட்டையாகியிருக்கிறது, எந்தத் தையல் வழியே குளிர் இறங்கியது என்று பார்க்க வேண்டும். பிறகு அதில் படுத்தவரைக் கேட்க வேண்டும். அடுத்த குளிர்காலத்துக்குள் திருத்திய பை மேலே போய்ச் சேர வேண்டும். கொள்முதல் கோப்பில் உறைந்துவிடக் கூடாது.

அங்கே அடுத்த காவல் முடிந்து இன்னொருவர் கூடாரத்துக்குள் வருகிறார். பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றிப் பைக்குள் வைக்கிறார். ஜிப்பை இழுக்கிறார். சூடு ஏறுவதற்காகக் காத்திருக்கிறார்.